பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு மலைக்கா? – சேர்வராயன் சரிவிலிருந்து சில குறிப்புகள்

அயோத்தியாப்பட்டணத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. சேலத்திலிருந்து கிழக்கே பத்து கிலோமீட்டர் வந்தால் ஒரு கிளை நேராக ஆத்தூர் பக்கம் போகும். இன்னொரு கிளை வடக்கே திரும்பி மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்குப் போகும். அந்த வடக்குச் சாலையில் குப்பனூர் வந்ததும் ஒரு மலைப்பாதை பிரிந்து, கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறுகிறது. ஏற்காடு என்றால் எல்லோருக்கும் தெரிந்தது கோரிமேடு பக்கத்து அடிவாரமும் அங்கிருந்து தொடங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளும்தான். அந்த வழியில் மண் சரிந்தால் மட்டும் எல்லோருக்கும் குப்பனூர் வழி ஞாபகம் வரும். மற்ற நாளில் அது அமைதியான சாலை.

அமைதியாக இருப்பதால்தான் கொஞ்ச வருடமாக நடக்கிறவர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர்களில் சிலர் கைக்குழந்தையோடு வருகிறார்கள். அப்பா முதுகில் அலுமினியச் சட்டம் போட்ட கேரியர், அதற்குள் தொப்பி போட்ட பாப்பா, அம்மா தோளில் டயப்பர் பை. இதைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு மலைக்கா? காலங்காலமா யாராவது இப்படிப் பண்ணியிருக்காங்களா?"

நல்ல கேள்விதான். பெரியவர்கள் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை என்றாலும், இதற்குப் பதில் உண்டு. காலங்காலமாகப் பண்ணியிருக்கிறார்கள், இதே சரிவில். ஆனால் யார் தூக்கினார்கள், யாருடைய பிள்ளையைத் தூக்கினார்கள், எதற்காகத் தூக்கினார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

அயோத்தியாப்பட்டணத்துக்குப் பேர் வந்ததே ஒரு நடைப்பயணத்தால் என்பது ஊர்க்கதை. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் இங்கே தங்கினார், முடிசூட்டுக் கோலத்தை இங்கேயே காட்டினார் என்று கோதண்டராமர் கோயில் தலபுராணம் சொல்கிறது. ராமாயணத்தில் காட்டு நடைக்குப் பஞ்சமில்லை; பதினான்கு வருடம் நடக்கிறார்கள். ஆனால் அந்தப் பதினான்கு வருடத்தில் கூட ஒரு கைக்குழந்தை இல்லை. பிள்ளைகள் வருவது உத்தர காண்டத்தில்தான். அப்போதும் காட்டில் வளர்த்த பாடு முழுக்க சீதையோடது.

காட்டுக்குள் குடும்பத்தோடு நடந்த கதை வேண்டுமென்றால் ராமரை விட்டு மலைக்காரர்களிடம் வரவேண்டும். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலை எல்லாவற்றிலும் வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆளுகிறவர் மலையாளி, அவ்வளவுதான், பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்கள்தான் எண்ணிக்கையில் முதல்.

இவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. அவர்களுடைய சாமி கரிராமனுக்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை, இடம் மாற நினைத்தார். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று பேர் குடும்பத்தோடு அவர் பின்னால் கிளம்பினார்கள். சேலத்துப் பக்கம் வந்து ஆளுக்கொரு வழியாகப் பிரிந்தார்கள். மூத்தவர் சேர்வராயன் மலைக்கு, நடுவர் பச்சைமலைக்கு, இளையவர் மஞ்சவாடிக்கு. 1883-ல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும் 1909-ல் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய தொகுதிகளும் இந்தக் கதையின் வடிவங்களைப் பதிவு செய்திருக்கின்றன.

இது நடந்த வரலாறா என்று ஆராய்வது வேறு வேலை. எனக்கு அதில் பிடித்தது 'குடும்பத்தோடு' என்ற ஒரு சொல். காஞ்சியிலிருந்து சேர்வராயன் அடிவாரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்கப்புறம் 1,200 மீட்டர் ஏற்றம். குடும்பம் என்றால் அதில் பால் குடிக்கிற பிள்ளையும் இருந்திருக்கும், வயிற்றில் ஒன்றும் இருந்திருக்கும். கதையில் அண்ணன்மார் மூன்று பேருக்கும் பேர் உண்டு. பிள்ளையைச் சுமந்து வந்தவர்களில் ஒருத்திக்கும் பேர் இல்லை.

அவர்களுக்கும் முன்னால் மேலே ஆள் இருந்தது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளரைச் சிலர் அறிந்திருப்பீர்கள். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டுபிடித்தவர். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். ஏற்காட்டு தேவாலய வளாகத்தில்தான் அவர் நினைவிடம் இருக்கிறது. அவருக்குச் சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்து மெருகேற்றிய கல்கோடரிகள் கிடைத்தன. அதில் வேடிக்கை என்னவென்றால், மலைக்காரர்கள் அந்தக் கற்களை முன்பே கண்டெடுத்து மரத்தடியில் சாமியாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்கோடரி என்பது காடு வெட்டி, வெள்ளாமை செய்து, ஓரிடத்தில் தங்கியவர்களின் கருவி. தங்கியவர்கள் என்றால் பிள்ளைகுட்டியோடுதான். ஆக, இந்தச் சரிவில் ஒரு தாய் பிள்ளையோடு ஏறி இறங்குவது சில ஆயிரம் வருடப் பழக்கம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்படியானால் சமவெளிப் பாட்டிகளுக்கு ஏன் இவ்வளவு பயம்? அவர்கள் பயந்ததற்கு உருப்படியான காரணம் இருந்தது.

மலைக்காய்ச்சல். மலையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு இறங்கினால் பத்துப் பதினைந்து நாளில் குளிரும் காய்ச்சலும் வரும். "மலைத்தண்ணி ஒத்துக்கல" என்பார்கள். தண்ணீர் மேல் பாவம், பழி. ஓடை ஓரத்தில் வளரும் அனோபிலஸ் கொசுதான் காரணம் என்பதற்கு, 1897-ல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசு வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிக்கும் வரை உறுதியான ஆதாரம் இல்லை. மலையிலேயே பிறந்து, காய்ச்சலோடு போராடித் தப்பிய பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு வந்துவிடும். சமவெளியிலிருந்து போகிறவருக்கு அது கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு, மலைக்காரர் பிள்ளையாகவே இருந்தாலும், கிடையாது. கொல்லிமலைக்கும் ஜவ்வாது மலைக்கும் இந்த விஷயத்தில் ரொம்பக் கெட்ட பேர். ஏற்காடு மாதிரி ஒரு கோடைவாசத்தலம் அங்கே வளராமல் போனதில் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது பாட்டிகளின் விதிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "பொழுது சாயறதுக்குள்ள எறங்கிரணும்." அனோபிலஸ் கடிப்பது அந்தி தொடங்கி விடியும் வரை. "ஓடை ஓரத்துல புள்ளயப் படுக்க வைக்காத." கொசு முட்டையிடும் இடம் அது. "காத்துக் கருப்பு அடிச்சிரும்." கருப்பின் பேர் மட்டும்தான் மாறியிருக்கிறது. கன்னத்து மைப்பொட்டால் கொசு ஓடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைப்பொட்டோடு சேர்த்துச் சொன்ன மற்றவை எல்லாம் பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கற்ற பாடங்கள். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து, வீட்டுச் சுவரெல்லாம் டிடிடி அடித்த பிறகுதான் மலை சமவெளிக்காரருக்குக் கொஞ்சம் பயமில்லாத இடமாக ஆனது. காய்ச்சல் குறைந்தது, அறிவுரை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இதற்கு நேர் எதிராக யோசித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குச் சமவெளிதான் பயம். வெயில், காலரா, வயிற்றுப்போக்கு என்று இந்தியக் கல்லறைத் தோட்டங்களில் ஐரோப்பியக் குழந்தைகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கும். பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் ஒன்று இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மலைக்கு ஏற்ற வேண்டும். டேன் கென்னடி மலைவாசத்தலங்களைப் பற்றி 1996-ல் எழுதிய புத்தகத்தில், ஆளும் இனம் தன் பிள்ளைகளை வளர்த்தெடுத்த நாற்றங்கால் என்று அவற்றைப் பார்க்கிறார். ஊட்டியில் 1858-ல் லாரன்ஸ் பள்ளி தொடங்கியது இந்தக் கணக்கில்தான். ஏற்காட்டில் 1894-ல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டும், 1917-ல் மான்ஃபோர்ட் பள்ளியும் வந்தன. ஏரியும் காடும் சேர்ந்த ஊரில் ஏன் இத்தனை விடுதிப் பள்ளிகள் என்று யோசித்திருந்தால், விடை இதுதான்.

ஏற்காட்டை வெள்ளைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் எம்.டி. காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். காப்பியும் பேரிக்காயும் அவர் கொண்டு வந்தவை. வண்டிப்பாதை இல்லாத அந்தக் காலத்தில் மேலே போக வழி இரண்டு: குதிரை, அல்லது மனிதத் தோள். ஆண்கள் குதிரையில் போனார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியிலும் மஞ்சலிலும் போனார்கள். நாலு பேர், ஆறு பேர் முறை மாற்றித் தூக்கும் டோலியில் ஆயா மடியில் குழந்தை. ஏறும்போது பின்னால் தூக்குகிறவன் தோளில் பாரம் அதிகம் இறங்கும். இறங்கும்போது முன்னால் இருப்பவனுக்கு. பாறை வழுக்கினாலும் டோலி ஆடக் கூடாது, குழந்தை முழித்துக்கொள்ளும்.

மலைவாசத்தல வாழ்க்கையை எழுதிய கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் காற்று எவ்வளவு குளிர்ச்சி, குழந்தையின் கன்னம் எவ்வளவு சீக்கிரம் சிவந்தது என்றெல்லாம் நுணுக்கமாகச் சொல்லும். தூக்கியவர்களுக்கும் வீட்டில் குழந்தை இருந்திருக்கும். ஆயாவுக்குக் கட்டாயம் இருந்திருக்கும். அதை யாரிடமோ விட்டுவிட்டுத்தான் அவள் இந்தக் குழந்தையை மடியில் வைத்திருந்தாள்.

காக்பர்ன் கொண்டு வந்த காப்பிக்கும் பிள்ளை சுமப்பதற்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. அது இந்த மலையைத் தாண்டி, கடலையும் தாண்டிப் போகிறது. சேர்வராயனில் காப்பி வேர்பிடித்த சில வருடங்களில் கண்டிச் சீமையிலும் காப்பித் தோட்டங்கள் பெருகின. வேலைக்கு ஆள் போனது இங்கிருந்து: சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை சுமார் 150 மைல் வன்னிக் காட்டுக்குள் நடை. தண்ணீர் கிடைக்காது; கிடைத்தால் அதில் காலரா. 1840-களில் மட்டும் இறந்தவர்கள் 70,000 என்று அன்றைய கொழும்புப் பத்திரிகை கணக்குச் சொன்னது. அந்த எண்ணைப் பற்றி விவாதம் உண்டு. பிணங்கள் வழிநெடுகக் கிடந்தன என்பதில் விவாதமில்லை. முதலில் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பருவத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகு வருடம் முழுக்க வேலை, அதனால் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகைக்குப் 'பிள்ளை மடுவம்' என்று பேர் வைத்தார்கள். மலையகத் தமிழில் இன்னும் புழங்கும் சொல் அது. இந்தியாவில் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. அதுவரைக்கும், அதற்கப்புறமும் பல இடங்களில், பிள்ளை அம்மா முதுகில் அல்லது மரக்கிளைத் தூளியில்.

தமிழில் காட்டு நடையைப் பற்றி உருப்படியாக எழுதியவர் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது வெ. சாமிநாத சர்மா. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது நாலைந்து லட்சம் இந்தியர்கள் அராக்கன் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் தப்பி வந்தார்கள், பெரும்பாலும் கால்நடையாக. பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். அதில் தப்பி வந்த சர்மா 'எனது பர்மா வழிநடைப் பயணம்' எழுதினார். எழுதத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்ததால் அந்த நடை புத்தகமானது. மாத்தளை நடைக்கு உள்ளேயிருந்து எழுத அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

சரி, இதெல்லாம் பிழைப்புக்கும் உயிருக்கும் நடந்த நடை. ஆசைக்காகக் கைக்குழந்தையைக் காட்டுக்குள் கூட்டிப்போனவர்கள் எப்போது வந்தார்கள்?

இதற்கு அழகான ஒரு ஆஸ்திரேலியக் கதை இருக்கிறது. சிட்னிக்கு மேற்கே நீலமலைப் பகுதியில் மைல்ஸ் டன்ஃபி என்றொருவர் இருந்தார். அந்த மலைகளுக்கு வரைபடம் போட்டவர், தேசியப் பூங்காக்களுக்காகப் போராடியவர். அவருக்கும் மனைவி மார்கரெட்டுக்கும் 1929-ல் மைலோ பிறந்தான். பிள்ளை பிறந்துவிட்டதென்று நடையை நிறுத்த இருவருக்கும் மனசில்லை. தள்ளுவண்டி ஒன்றைக் காட்டுப்பாதைக்குத் தக்கபடி மாற்றி, பிள்ளையை உட்காரவைத்துக் கனங்ரா மலைமுகடு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டிக்கு 'கனங்ரா எக்ஸ்பிரஸ்' என்று பேர். கூடப் போன நாயின் பேர் டெக்ஸ்டர்; கல் குத்தாமல் இருக்க அதற்குத் தோலில் செருப்பு தைத்துப் போட்டார்கள். அந்த வண்டி இப்போது கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மைலோ பெரியவனாகி அப்பாவைப் போலவே காட்டைக் காக்கிற வேலைக்குப் போனார்.

படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ஆனால் டன்ஃபி குடும்பம் வண்டி தள்ளிய காடு குண்டுங்குர்ரா மக்களின் மண். அந்தத் தென்கிழக்குப் பகுதிப் பழங்குடித் தாய்மார் பாசம் என்ற பிராணியின் தோலைத் தைத்துப் போர்வையாக்கி, அதற்குள் குழந்தையை முதுகோடு சேர்த்துச் சுமந்து அதே பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கியவர்கள்தான்.

இப்போது கடையில் விற்கும் குழந்தை கேரியரின் பூர்வீகமும் இப்படித்தான். 1960-களின் தொடக்கத்தில் ஆன் மூர் என்ற அமெரிக்கச் செவிலியர் அமைதிப் படைத் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவுக்குப் போனார். அங்கே தாய்மார்கள் குழந்தையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு எல்லா வேலையும் செய்வதையும், குழந்தைகள் அழாமல் இருப்பதையும் பார்த்தார். ஊர் திரும்பித் தனக்குக் குழந்தை பிறந்ததும் அதே மாதிரி கட்டிப்பார்த்தார், துணி நழுவியது. அம்மாவோடு சேர்ந்து ஒரு பை தைத்தார். 1969-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 'ஸ்னக்லி' என்ற பேரில் உலகம் முழுக்க விற்றது அதுதான். ஆக, இன்று பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிற பையின் மூலம் ஒரு முழத் துணி.

அந்தத் துணியின் அறிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சமவெளியில் நாம் பிள்ளையை இடுப்பில் வைக்கிறோம். தட்டையான தரையில், கொஞ்ச தூரத்துக்கு, ஒரு கை போனாலும் பரவாயில்லை என்கிற இடத்தில் இடுப்பு சரி. ஏற்றத்தில் இடுப்பு உதவாது. உடம்பு ஒரு பக்கம் சாயும், கையும் போச்சு. அதனால்தான் நாகாலாந்து, மிசோரம் மலைகளிலும் தேயிலைச் சரிவிலும் பிள்ளை முதுகுக்குப் போனது. 2007-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, துணியில் கட்டிச் சுமப்பதைவிடக் கையில் ஏந்திச் சுமப்பதற்குச் சராசரியாக 16 சதவீதம் சக்தி கூடுதலாகச் செலவாகிறது என்று அளந்து சொன்னது. பால் கொடுக்கிற ஒரு பெண்ணுக்கு அந்த 16 சதவீதம் எவ்வளவு பெரிய விஷயம்! முதுகிலோ இடுப்பிலோ கால்களை அகட்டி, முட்டி மடங்கி உட்காரும் குழந்தைக்கு இடுப்புமூட்டு சரியாக அமைகிறது என்று எலும்பு மருத்துவர்களும் சொல்கிறார்கள். காலைச் சேர்த்து இறுக்கிக் கட்டுகிற ஊர்களில்தான் மூட்டு விலகல் அதிகம்.

கேரியர் வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு இங்கே இரண்டு வார்த்தை. சட்டம் போட்ட கேரியர், கழுத்து நின்று, தானாக உட்காரத் தெரிந்த பிள்ளைக்குத்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டாம். 1,500 மீட்டர் உயரம் நல்ல ஆரோக்கியமான பிள்ளையை ஒன்றும் செய்யாது. செய்வது குளிர். தூக்கி நடக்கிற உங்களுக்கு வேர்க்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்தச் சூடு கிடையாது. நாலு மணிக்கு மேல் ஏற்காட்டுக் காற்று அடிக்கும்போது பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தி சாய்ந்த பின் காட்டுமாடு சாலைக்கு வரும். பாட்டி சொன்ன நேரத்துக்கே இறங்கிவிடுவது நல்லது.

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழு மாட்டிக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குழுவில் பிள்ளைகளும் இருந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. முன்பதிவு, வழிகாட்டி, கடினத்துக்குத் தகுந்த தரம் பிரிப்பு எல்லாம் உண்டு. வழிகாட்டிகளாக உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். வரவேற்கவேண்டிய ஏற்பாடு. காட்டில் நடப்பது ஆபத்து, அதற்கு முன்னேற்பாடு வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

ஆனால் விதிக்குள் வராத நடை ஒன்று பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில், தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. அதுவும் மலையாளிக் குடிகள் வாழும் மலைதான். சாலை கிடையாது. கீழே கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், வண்டி போகும் தடம் முடிந்த இடத்தில் நின்றது. மிச்ச மலையைத் தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தார். பத்திரிகைகளில் படம் வந்தது. பாதை உண்டு, தூரம் உண்டு, ஏற்றம் உண்டு, தூக்கிய பிள்ளையும் உண்டு. இதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது?

மலைக்கிராமங்களில் பிரசவத்துக்கு இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை. நாள் நெருங்கியதும் கர்ப்பிணி கூட ஒருவரோடு இறங்கி வந்து அங்கே தங்கிவிடலாம்; வலி எடுத்த பிறகு ராத்திரியில் டோலி கட்டித் தூக்க வேண்டியதில்லை. உயிர் காக்கிற ஏற்பாடு, சந்தேகமில்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சாலை உள்ள ஊர் என்றால் வண்டி வீட்டு வாசல் வரை போகும். இல்லாத ஊர் என்றால் சாலை முடிகிற இடம் வரை. அதற்கு மேல் தையல் ஆறாத ஒரு பெண், சில நாள் வயதான குழந்தையைப் பழஞ்சேலையில் பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறுகிறாள். கழுத்து நிற்காத பிள்ளைக்குக் கேரியர் வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். இவளிடம் கேரியரும் கிடையாது.

எதிர்த் திசையிலும் ஒரு நடை உண்டு. தடுப்பூசி நாளன்று கிராம சுகாதாரச் செவிலியர் கீழேயிருந்து கிளம்புகிறார். தோளில் நீலநிறத் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே நாலு ஐஸ் பேக், நடுவில் மருந்துக் குப்பிகள். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் சூடு நிற்க வேண்டும். ஐஸ் உருகுவதற்குள் மேலே போய், பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று அட்டையைப் பார்த்து ஊசி போட்டுவிட்டு, மிச்ச மருந்தோடு திரும்ப இறங்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள்.